பாக்கியம் அக்கா பிடித்த மடவைக் குஞ்சுகள்

தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் உள்ளே இருக்கும் மீன்குஞ்சுகள் முட்டுவது விலா எலும்பில் தெரியும். மழைத்துளி கூரையில் விழுவதுபோல ஒரே சீராக இருக்காது. இரண்டு முட்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று ஏழெட்டு. முட்டுவது நின்றுவிட்டால் நடையை நிறுத்திவிட வேண்டும். தகரத்தைத் தரையில் இறக்கி, ஒரு சிரட்டையால் தண்ணீரை மொண்டு முழங்கை உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப உள்ளேயே ஊற்ற வேண்டும். நுரை பொங்கப் பொங்க அவற்றுக்கு மூச்சு வரும் என்பது அக்கா சொன்னது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு எட்டு.

பினாங்கில் டிராம் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா டிராம் ஓட்டினார். வாரத்தில் ஆறு நாள் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்றுகொண்டே இருந்துவிட்டு, ஏழாம் நாள் அவர் போய் உட்காரும் ஒரே இடம் பாக் மாட் என்ற மலாய்க்காரர் இரவல் கொடுத்த சம்பான் படகாக இருந்தது. ஜெலுத்தோங் பக்கத்தில், ஆறு கடலில் விழும் இடத்துக்கு அருகில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஆற்று வாயில் கடல் ஏற்றம் வரும்போது, பாக்காவ் என்கிற சதுப்பு மர வேர்களை ஒட்டிக் கொடுவா வரும். மலாய்க்காரர்கள் அதைச் சியாகாப் என்பார்கள். முதுகு வளைந்து, வாய் அகன்று, கண் செம்பு நிறத்தில் மின்னும் மீன். அப்பாவுக்கு வேறு எந்த மீனும் கண்ணில் படாது. "கொடுவா ராசா மாதிரி, செத்ததைத் தொடாது" என்பார். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட வேண்டுமென்றால், அதற்கு முன்னால் யாராவது சேற்றில் இறங்கி உயிரோடு மடவைக் குஞ்சு பிடித்துக் கொண்டுவர வேண்டும். அந்த யாராவது, நாங்கள் இருவர்.

வலை எங்களிடம் இல்லை. அம்மாவின் பழைய சேலையில் இரண்டு கஜம் கிழித்து வைத்திருந்தோம். நைந்துபோன சேலைதான் நல்லது, தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். வற்றம் முடிந்து தண்ணீர் திரும்புகிற நேரத்தில், வாய்க்கால் மாதிரி கிடக்கும் சேற்றுப் பள்ளங்களில் விரல் நீள மடவைகள் கூட்டமாக மேயும். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலாலேயே கலக்கியபடி பக்கவாட்டில் நடந்து வருவாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நிற்பது எளிது என்று தோன்றும். சேற்று நண்டு காலைக் கவ்வும், கொசு முகத்தை மொய்க்கும், தும்மல் வரும். நான் அசைந்தால் கூட்டம் சிதறிவிடும். அக்கா "தூக்கு" என்று சொன்னதும் இருவரும் ஒரே மூச்சில் தூக்குவோம். சேலையின் நடுவில் வெள்ளிக்காசு குலுக்கியதுபோலத் துள்ளும்.

காய்ந்த கையால் அவற்றைத் தொடக் கூடாது. சேலையோடு தகரத்துக்குள் இறக்கிக் கவிழ்க்க வேண்டும். செதில் உதிர்ந்ததையும் பக்கவாட்டில் சாய்ந்ததையும் உடனே எடுத்து எறிந்துவிட வேண்டும். "செத்த ஒண்ணு பத்தைக் கூட்டிட்டுப் போயிடும்" என்று அம்மா காய்கறிக் கூடையைப் பற்றிச் சொல்வதை அக்கா மீனுக்குச் சொல்வாள். வாழையிலையால் தகரத்தை மூடி, வெயில் ஏறுவதற்குள் சம்பான் கட்டியிருக்கும் துறைக்குப் போய்விடுவோம். நாற்பது குஞ்சு பிடித்தால் நாற்பதும் உயிரோடு போய்ச் சேரும். அப்பா இலையை விலக்கிப் பார்ப்பார். அக்காவின் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுப்பார். எனக்கு அது கிடைத்ததில்லை. நான் முனையைப் பிடித்து நின்றவள்தானே.

அக்காவுக்கு இன்னொன்றும் தெரியும். நிலாவைப் பார்த்தே தண்ணீரைச் சொல்லிவிடுவாள். மறுநாள் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்பதை அப்பாகூட அவளிடம்தான் கேட்பார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண். எப்படிக் கணக்குப் போட்டாளோ தெரியாது, தவறியதில்லை.

அவள் பெரியவளான அன்றோடு இது முடிந்தது. சடங்கு, மஞ்சள் தண்ணீர், உறவுக்காரர்கள் எல்லாம் ஆனபிறகு, அம்மா அவளைப் பார்த்து, இனிமேல் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஊரார் பார்க்கச் சேற்றில் நிற்கிற வயசு போய்விட்டது என்றாள். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னைத் தட்டி எழுப்பி, தகரத்தைக் கையில் கொடுத்து, எந்தப் பள்ளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவருகிலேயே நின்றாள்.

ஒற்றை ஆளாகச் சேலை இழுக்க முடியாது. முதல் வாரம் ஒரு முனையைப் பாக்காவ் கம்பில் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஆறு குஞ்சு கிடைத்தது, துறைக்குப் போவதற்குள் நான்கு செத்துவிட்டன. அப்பா அன்று வெறுங்கையோடு திரும்பினார். அதற்காக என்னைக் கோபிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபமாக இருந்தது. பிறகு பாக் மாட்டின் மனைவி மூங்கிலில் முடைந்த கூடை ஒன்றைக் கொடுத்தாள். அதைச் சேற்றில் சரித்து வைத்து மீனைக் காலால் விரட்டி உள்ளே விட நானே பழகிக்கொண்டேன். ஒரு வருடத்தில் முப்பது, நாற்பது என்று கொண்டுபோனேன். வீட்டு வழியாகத்தான் துறைக்குப் போக வேண்டும். அக்கா வாசற்படியில் காத்திருப்பாள். தகரத்தை அவள் முன்னால் இறக்குவேன். அவள் கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள் விடுவாள். குஞ்சுகள் அவள் விரல்களுக்கு இடையே போய்வரும். பலவீனமானதை எப்படியோ கண்டுபிடித்து எடுத்து எறிவாள். "போ, போ, வெயில் வருது" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இலையை விலக்கிப் பார்த்துவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

அக்காவுக்குப் பதினைந்து முடிந்ததும் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. மூக்குக்கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். குடிப்பழக்கம் இல்லை, பெண்ணுக்கு ஓட்டு வீடு உண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சொந்தக்காரர் என்று அம்மா அடுக்கிச் சொன்னாள். தண்ணீர்மலைக் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளைக்குக் கொடுவாக் குழம்பு வைக்க வேண்டுமென்று அப்பா ஆசைப்பட்டார்.

அன்று விடியற்காலையில் என் கன்னத்தில் ஈரக் கை பட்டது. அக்கா. "வாடி, அவங்க தூங்குறாங்க" என்றாள். பழைய சேலைத் துண்டை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, தொடை வரை சேற்றில் இறங்கி, மூன்றே இழுப்பில் தகரம் நிறைகிற அளவு பிடித்தாள். கடைசி இழுப்பில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் மார்பு வரை. நான் பயந்துபோனேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், மஞ்சள் கரைந்து கழுத்தெல்லாம் வழிந்தது. வீடு திரும்பியபோது அம்மா அடுப்பருகில் விழித்திருந்தாள். சேலைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். "காலைக் கழுவிட்டு உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். அப்பா அன்று பிடித்த கொடுவா என் கை நீளம் இருந்தது. அத்தான் கூச்சப்பட்டுக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார்.

மறுநாள் அவர்கள் போனார்கள். படகேறி அக்கரையில் பிறையில் இறங்கி, புக்கிட் மெர்தாஜாமில் ரயில் மாறிப் போக வேண்டும். நாங்கள் படகுத்துறை வரை போனோம். அக்கா கையசைத்தது எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவரின் மூட்டை மறைத்துவிட்டது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஏழு மாதம் சுமந்துகொண்டு அவள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவளைப் பார்த்து அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். முகம் மஞ்சள் பூத்திருந்தது, கை ஈர்க்குச்சி, வயிறு மட்டும் பெரிது. தோட்டத்துக் காய்ச்சல். மூன்று முறை வந்து மூன்று முறை போயிருந்தது. கொய்னா மருந்து குடித்துக் குடித்துக் காது இரைகிறது என்று சிரித்தாள். பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது.

பத்து நாள் ஓய்வு எடுத்தபின் கொஞ்சம் தேறினாள். அன்று சனிக்கிழமை. பொழுது சாய்ந்து விளக்கு வைத்திருந்தோம். நான் மறுநாளுக்காகத் தகரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா சன்னலருகே பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியாடி? நான் இறங்க மாட்டேன் லா. கரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

நான் இப்போது உண்மையை எழுதுகிறேன். அவள் மெதுவாக நடப்பாள், போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று நினைத்தேன். அது ஒரு பாதி. மறு பாதி வேறு. அவள் கரையில் உட்கார்ந்து பார்ப்பவள் இல்லை. இறங்கிவிடுவாள். இறங்கினால் ஒரே இழுப்பில் நான் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடிக்கிறதைப் பிடித்துவிடுவாள். அப்பா இலையை விலக்கிப் பார்ப்பார். இரண்டு வருடமாக அந்தத் தகரம் என்னுடையதாக இருந்தது.

"நாளைக்குக் காலையில தண்ணி முட்ட நிக்கும் அக்கா. மத்தியானத்துக்கு மேலதான் வத்தும். நானே அப்பதான் போவேன். நீ நல்லாத் தூங்கு" என்றேன்.

அவள் சன்னல் வழியே வெளியே பார்த்தாள். பாக் மாட் வீட்டுத் தென்னைகளுக்கு மேலே நிலா எழுந்திருந்தது, முழு வட்டமாக. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிடி" என்றாள்.

விடிவதற்கு முன்பே எழுந்து, அடிமேல் அடி வைத்து வெளியே போனேன். தண்ணீர், பாக் மாட் என்னிடம் முன்பே சொல்லியிருந்தபடி, கடைசி வரை வற்றிக் கிடந்தது. பௌர்ணமிக்கு அப்படித்தான் வற்றும். நன்றாகக் கிடைத்தது, அதுபோல எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. தகரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பின்னல் போட்டு, நெற்றிக்கு இட்டு, வெளியே போகும் சேலை கட்டியிருந்தாள். காலில் செருப்பு இருந்தது.

நான் தகரத்தை இறக்கினேன். அவள் முன்போலக் கையை நனைத்து உள்ளே விட்டாள். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள். "எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணுகூட எடுக்க வேணாம்" என்றாள். அதன் பிறகு, "போ, வெயில் வருது."

அன்று அப்பாவுக்கு ஒரு கொடுவா கிடைத்தது. அம்மா பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகும் என்று மிளகு மட்டும் தட்டிப் போட்டு ரசம் மாதிரி வைத்தாள். அக்கா வந்ததிலிருந்து அன்றுதான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நடுக்கம் வந்தது. நான்கு போர்வை போட்டும் பல் கிட்டியது. புதன்கிழமை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என்னைப் பாக் மாட் வீட்டில் விட்டுப் போனார்கள். வியாழக்கிழமை குழந்தை இறந்து பிறந்தது, ஆண். வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள். தூங்குகிறவள் மாதிரி இருந்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் தூங்கும்போது வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அத்தான் வந்தார். கூடத்தில் அப்பாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது, வாசல் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தகரத்தை அத்தான் பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் பாக்கியம் இதுபோல ஒரு தகரம் வைத்திருந்தாளாம். தொழிலாளர் லயத்து ஓடையில் எதையோ பொடி மீனாகப் பிடித்து அதில் விட்டிருந்தாளாம். தினமும் தண்ணீர் மாற்றுவாளாம்.

"வளர்க்கிறியான்னு கேட்டேன் மாமா. இல்லைன்னா. சமைக்கவான்னு கேட்டேன், அதுவும் இல்லைன்னா. சும்மா கையை விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்குத்தான் விளங்கல. வீட்டு ஞாபகம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் லீவு கேட்டுக் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அப்பா தூண்டிலைத் தொடவே இல்லை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் தொட்டார். மூன்று மாதம் போகட்டும் என்று இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்காமலேயே, "நாளைக்குத் தண்ணி எப்ப வத்தும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து செய்வதுபோலப் பாக் மாட்டிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மீன் பிடித்துக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும் கொடுத்தேன். எனக்குக் கல்யாணமாகும்வரை, ஐந்து வருடம், கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன். அப்பா இலையை விலக்கிப் பார்ப்பார். என் தலையில் கை வைப்பதை மட்டும் விட்டுவிட்டார். ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நான் பொய் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கட்டிக்கொண்டவரிடமும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலமெல்லாம் போய், அப்பாவும் போய், அம்மா படுத்த படுக்கையாக என் வீட்டில் கிடந்தபோது, ஒரு பிற்பகலில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் தண்ணீர் வற்றியிருந்தது அம்மா, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அவளை விட்டுவிட்டுப் போனேன் என்றேன்.

அம்மா கஞ்சியை விழுங்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

"தெரியும்டி. அவளே சொன்னா. நீ போன சத்தம் கேட்டதும் எந்திரிச்சு உக்காந்துட்டா. ஏண்டி சேலை மாத்துறேன்னு கேட்டேன். திரும்பி வந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவாம்மான்னா" என்றாள்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னாள். "சிரிச்சா. 'பாவம்மா, நான் வந்தா எல்லாத்தையும் நானே புடிச்சிடுவேன்னு பயந்துட்டா. புடிக்கட்டும், அவ தனியா நின்னு பழகணும்ல'ன்னா. உன்னைத் திட்டக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டால் சொல்லியிருப்பேன், நீ கேட்கவில்லையே என்றாள். பிறகு வாயைத் திறந்தாள், மிச்சக் கஞ்சிக்காக.

அக்கா சொன்னதைக் கேட்டால் மனம் ஆறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஆறவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அதை வைத்துக்கொண்டாவது நான் அழுது தீர்த்திருப்பேன்.

இப்போது எனக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. ஆற்றின் இரு கரையையும் சிமெண்டு போட்டு உயர்த்திவிட்டார்கள். தண்ணீர் கறுப்பாக, ஏற்றமா வற்றமா என்று தெரியாமல் கிடக்கிறது. பாக்காவ் மரம் ஒன்றுகூட இல்லை. கொடுவாவைக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்களாம். என் பேரன் சீனர் கடையில் கண்ணாடித் தொட்டியில் நீந்துவதைக் காட்டி, எது வேண்டும் பாட்டி என்று கேட்டான். உனக்குப் பிடித்ததை எடு என்றேன். அவன் எடுத்தான், நன்றாகத்தான் இருந்தது.

இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஊர் என்றால் மாறத்தான் செய்யும். அக்காவுக்கு ஒரு புகைப்படம் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் படம் பிடிக்க ஆள் வருவதாக இருந்து அன்றைக்குப் பெய்த மழையில் வராமல் போய்விட்டான். பிள்ளை பிறந்ததும் மூன்று பேராக நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தான் சொல்லியிருந்தார். அத்தான் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் பெற்று, சுங்கைப் பட்டாணியில் இறந்துபோனார். பாக் மாட்டும் அவர் மனைவியும் இல்லை. பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள் என்பது என் பிள்ளைகளுக்குப் பெயராகத் தெரியும், அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்தி. கொஞ்ச நாளாக எனக்கும் அவள் மூக்கும் கண்ணும் சேர்ந்து வர மறுக்கின்றன. சில காலைகளில் எழுந்து உட்கார்ந்து, பல் விளக்குவதற்கும் முன்னால், அவளுடைய முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று வந்தது. இன்று காலை வரவில்லை.